பழைய டைல்ஸை உடைக்காமல் மரத்தளம் போடுவது எப்படி?

அடுக்குமாடி வீட்டில் டைல்ஸை உடைப்பது பெரிய பாடு. சத்தம், தூசி, கழிவை மாடியிலிருந்து இறக்கும் கூலி, கீழ்வீட்டுக்காரரின் மனவருத்தம். லேமினேட் பலகை என்றால் பழைய தரைமேலேயே விரித்துவிடலாம். ஆணி, பசை எதுவும் வேண்டாம். ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். தளம் தரையோடு ஒட்டாமல் மிதந்தபடி கிடக்கும்.

இது முழு மரமல்ல. அழுத்திச் செய்த மரநார்ப் பலகைமேல் மரவரி அச்சிட்ட தாள், அதன்மேல் தேயாத பூச்சு. அதனால் தண்ணீர்தான் இதற்கு எதிரி. குளியலறை, சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் ஏறிய தரைத்தள வீடுகளுக்கும் இது சரிவராது. அங்கே கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, தண்ணீர் தாங்கும் எஸ்பிசி பலகை போடலாம். படுக்கையறைக்கு 8 மில்லிமீட்டர் கனம், ஏசி3 தரம் (தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு) போதும்.

முதலில் பழைய தரையைப் பாருங்கள். பாதி வேலை இதுதான், இங்கே அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு டைல்ஸையும் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வந்து, மிதித்தால் ஆடவும் செய்தால் அதை எடுத்து ஒட்டிவிட வேண்டும். அப்புறம் 2 மீட்டர் நீள மட்டப்பலகையைப் படுக்கவைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று நாலு திசையிலும் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் லெவலிங் காம்பவுண்ட் என்ற சமன்செய்யும் கலவையை ஊற்றி நிரப்பி, நன்றாகக் காயவிடுங்கள். பள்ளத்தை விட்டுவிட்டால் நடக்கும்போதெல்லாம் தரை அமுங்கும். நாளடைவில் பூட்டு உடைந்துபோகும். ஈரம் தெரிய, இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை டைல்ஸ் இணைப்புகளின்மேல் போட்டு, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

அளவு எளிது. 12-க்கு 10 அடி அறை 120 சதுர அடி; வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 132 வாங்குங்கள். பெட்டிகளை அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவைத்த பிறகே பிரிக்க வேண்டும்.

பாலித்தீன் தாள் விரித்து, அதன்மேல் 2 மில்லிமீட்டர் ஃபோம். இரண்டும் சேர்ந்தே வரும் ஃபோமும் கிடைக்கும். கீழ்வீட்டுக்குக் காலடிச் சத்தம் போவதை இது குறைக்கும்.

இனி முக்கியமான இடம். சுவரோரம் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். நான் முதலில் போட்டது சித்திரை வெயிலில். பலகை நன்றாகக் காய்ந்திருந்தது. சுவரை ஒட்டினால்தான் அழகு என்று நெருக்கிப் போட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும், "ஏல, தரை பொங்கிக்கிட்டு நிக்கி பாரு" என்று ஆச்சி கூப்பிட்டார். ஈரக்காற்றில் பலகை விரிந்து, போக இடமில்லாமல் அறை நடுவில் எழும்பி நின்றது. முழுவதையும் கழற்றி, ஓரம் அறுத்து, மறுபடி போட்டேன். நம் ஊர்ப் பக்கம் கோடைக்கும் மழைக்கும் காற்றின் ஈரம் அவ்வளவு மாறும். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும் தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நிலைக்கால் ஓரத்திலும் அதே இடைவெளி வேண்டும்.

முதல் வரிசை நேராக இருந்தால் மற்றவை தானாக வரும். சுவர் கோணலாக இருக்கும், அதை நம்பாமல் நூல் பிடியுங்கள். கடைசி வரிசை 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பூட்டு நிற்காது, ஆகவே முன்கூட்டிக் கணக்குப் போடுங்கள். பத்தடி அகலம் 3048 மில்லிமீட்டர். இரு பக்க இடைவெளி போக 3028. பலகை அகலம் 195 என்றால் 15 வரிசை முழுதாக வந்து 103 மிஞ்சும். அது போதும். 30 மட்டுமே மிஞ்சினால் முதல் வரிசையின் அகலத்தையும் குறைத்துச் சமன்செய்ய வேண்டும்.

ஒரு வரிசையில் அறுத்த மிச்சத்தால் அடுத்ததைத் தொடங்குங்கள். பக்கத்து வரிசைகளின் இணைப்புகள் 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பலகையைச் சாய்த்துச் செருகி, அமுக்கி, ஒரு துண்டுக் கட்டையை ஓரத்தில் வைத்துத் தட்டுங்கள். சுத்தியலால் நேரே அடித்தால் ஓரம் பிய்ந்துவிடும். கைரம்பம் என்றால் பூச்சுப் பக்கம் மேலே, ஜிக்சா என்ற மின்ரம்பம் என்றால் கீழே பார்க்க அறுங்கள்.

தரை சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கதவு உரசினால் கழற்றி ஆசாரியிடம் கொடுத்து அடியை இழைத்துக்கொள்ளலாம். ஓர இடைவெளியை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைச் சுவரில் மட்டும் பொருத்துங்கள், பலகையில் திருகு ஏறக்கூடாது. கனத்த பீரோக்களை எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் இரு பக்கமும் தளம் அழுந்திப்போய் விரிய முடியாது. ஒரே பக்கம் வையுங்கள்.

துடைக்கும் துணியைச் சொட்டாமல் பிழிந்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கமிருந்தால், வாளித் தண்ணீர் அந்த அறை வாசலோடு நிற்கட்டும்.