உதட்டில் தழும்போடு வந்த மகள்: தத்தெடுத்த ஓர் அப்பாவின் குறிப்புகள்

எங்கள் மகள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு 2 வயது 4 மாதம். உதட்டுப் பிளவை ஏற்கெனவே தைத்திருந்தார்கள். வாயின் மேல்கூரையான அண்ணம் மட்டும் திறந்தே இருந்தது. பால் குடித்தால் பாதி மூக்கு வழியாக வரும். இப்போது 11 வயது. வந்த பிறகு இரண்டு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளையைத் தத்தெடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு இதயமோ, கை காலோ, முதுகுத்தண்டோ பிரச்சினையாக இருக்கலாம். மருந்தும் மருத்துவரும் மாறுவார்கள், வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக மாறாது.

முதலில் ஒரு ஃபைல் போடுங்கள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் சொல்லவில்லை. பிள்ளையோடு வந்த காகிதம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் எறியாதீர்கள். முன்பு என்ன ஆபரேஷன் செய்தார்கள், மயக்க மருந்து ஒத்துக்கொண்டதா என்பதெல்லாம் பிறகு ஒரு நாள் தேவைப்படும். தடுப்பூசிக்கு எழுத்துப்பூர்வமான பதிவு இல்லாவிட்டால், "போட்டாச்சுன்னு சொன்னாங்க" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். மருத்துவர் மறுபடியும் போடலாமா, ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று முடிவு செய்வார்.

மருத்துவமனைப் படிவத்தில் குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். நான் முதல் முறை அவசரத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். அது பொய். எழுத வேண்டியது 'தெரியாது'. பிளவு சில பிள்ளைகளுக்குத் தனியாக வரும், சிலருக்கு இதயக் கோளாறு போன்ற வேறு சிலவற்றோடு சேர்ந்து வரும். 'தெரியாது' என்று பார்த்தால் மருத்துவர் கொஞ்சம் கூடுதலாகத் தேடுவார். திருத்தி எழுதிய பிறகுதான் இவளுக்கு இதய ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

அடுத்தது நான் சறுக்கிய இடம். வந்த புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். புது வீடு, புது ஆட்கள், இன்னும் ஒட்டவில்லை என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். தத்துப் பிள்ளை வளர்ப்பு பற்றிப் படித்ததெல்லாம் அதற்குத் துணைக்கு வந்தது. உண்மையில் காது கேட்கவில்லை. அண்ணம் பிளந்திருந்தால் நடுக்காதுக் குழாயைத் திறக்கிற தசை சரியாக வேலை செய்யாது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிவிடும். அண்ண ஆபரேஷனின்போதே காதிலும் சின்னக் குழாய் வைத்தார்கள். வீடு திரும்பிய இரண்டாம் நாள் குழாயடியில் நின்று, சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிது. காதில் வைத்த குழாய் ஓரிரு வருஷத்துக்குள் தானாக விழுந்துவிடும் என்பதால், அதன் பிறகும் காதுப் பரிசோதனையை விடவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. தலையணைக்கு அடியில் சாப்பாட்டை ஒளித்து வைத்தாள். விழுங்க முடியவில்லையோ என்று மருத்துவரிடம் ஓடினோம். தொண்டையில் ஒன்றும் இல்லை. நாளைக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான். அவள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பா வைத்து, அதைக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டோம். ஏழெட்டு மாதத்தில் ஒளிப்பது நின்றது. ஆகவே எதைப் பார்த்தாலும் முதலில் உடம்பா, மனசா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஆபரேஷன் தேதியைப் பற்றி. மருத்துவர் முதல் சந்திப்பிலேயே இரண்டு வாரத்தில் ஒரு தேதி சொன்னார். நான் கேட்ட ஒரே கேள்வி: "மூன்று மாதம் தள்ளினால் எதை இழப்போம்?" சிலவற்றைத் தள்ளவே கூடாது, அதை அவர்தான் சொல்ல வேண்டும். அண்ணத்தைப் பொதுவாக ஒன்றரை வயதுக்குள் தைத்துவிடுவார்கள். இவளுக்கு ஏற்கெனவே தாமதம், இன்னும் மூன்று மாதத்தால் பெரிய வித்தியாசம் வராது என்றார். அந்த மூன்று மாதத்தில்தான் அவள் பயந்தால் எங்களிடம் ஓடி வரக் கற்றுக்கொண்டாள். அது இல்லாமல் மயக்கம் தெளிந்து கண் விழித்திருந்தால் யார் முகத்தைத் தேடியிருப்பாள்?

கிளம்புகிற அன்று நாங்கள் பை கட்டுவதைப் பார்த்துவிட்டு, தன் பொம்மை, உடுப்பு, உடைந்த சீப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து அதில் திணித்தாள். அழவில்லை. இதற்கு முன் பை கட்டியபோதெல்லாம் அவள் இடம் மாறியிருக்கிறாள். என் மனைவிதான் புரிந்துகொண்டாள். சீப்பையும் ஒரு ஜோடி செருப்பையும் எடுத்து, கட்டிலுக்கு அடியில் வைக்கும்படி அவளிடமே சொன்னாள். "வந்து எடுத்துக்கலாம்." மருத்துவமனையில் ஐந்தாறு தடவை "செருப்பு?" என்பது போலக் கையைக் காட்டிக் கேட்டாள்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். அழாத பிள்ளைக்கு வலி இல்லை என்றும் நினைக்காதீர்கள். அழுதும் யாரும் வராமல் போன பிள்ளைகள் அழுவதை விட்டுவிடுவதுண்டு. இவள் கை முஷ்டியைப் பார்த்துத்தான் நாங்கள் வலியைக் கண்டுபிடித்தோம். நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி, வலி மருந்தைக் கேட்டால்தான் என்று இல்லாமல் நேரப்படி கொடுக்க வைத்தோம்.

வலிக்கிற வேலைகளுக்குப் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டில் நான். வாயில் கை வைக்காமல் இருக்க முழங்கையில் மாட்டுகிற உறையும் என் பொறுப்பு. முடிந்ததும் தூக்கிக்கொள்வது மனைவி. எல்லோருக்கும் இது ஒத்துவராது. இரண்டு பேரும் மாறி மாறிச் செய்கிற வீடுகளும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பேச்சுக்கு வருவோம். 'ப' சொல்ல வாய்க்குள் காற்றை அடைக்க வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கு வழியாகப் போய், 'ப' என்பது 'ம' ஆகிவிடும். அப்படித்தான் நான் ரொம்ப நாள் 'அம்மா'வாக இருந்தேன். வீட்டில் இரண்டு அம்மா. தைத்த உடனே சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகாது, நாக்குக்கும் தொண்டைக்கும் பழைய பழக்கம் போக வேண்டும். மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து 'பாபாபா' சொல்லச் சொல்வோம். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று இன்னும் மூக்கில் போகிறது என்று அர்த்தம். தினம் பத்து நிமிஷம், விளையாட்டுப் போல. மற்ற நேரத்தில் திருத்தாதீர்கள். அவள் ஏதோ சொல்ல வரும்போது உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டால் பேச்சையே நிறுத்திவிடுவாள். நான் அப்பாவானது அவளுடைய 4 வயதில், ஒரு மத்தியானம், செருப்பைக் காணோம் என்று கத்தியபோது.

6 வயதில், தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "இந்த உதட்டாலதான் என்னை விட்டுட்டாங்களா?" இந்தக் கேள்வி வரும், தயாராக இருங்கள். உதடு ஒரு கதை, எங்களிடம் வந்தது வேறு கதை. பார்க்கிறவர்கள் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள், பிள்ளையும் போட்டுக்கொள்ளும். நான் சொன்னது: "வயித்துல இருக்கும்போது ரெண்டாவது மாசம் உதடு ரெண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். உனக்குச் சேரல. யார் தப்பும் இல்ல. உன்னைப் பெத்தவங்க ஏன் வளர்க்கல என்பது எனக்குத் தெரியாதும்மா." தெரியாததற்கு அழகான காரணம் கட்டிச் சொல்லாதீர்கள். ஆபரேஷனுக்கு முந்தைய போட்டோ கிடைத்தால் வாங்கி வையுங்கள், இருக்கிற படங்களில் தழும்பை அழிக்காதீர்கள்.

வெளியாட்களுக்குப் பதில் சின்னதாக இருக்கட்டும். "பிறக்கும்போதே அப்படி, தைச்சாச்சு." போதும். அவள் எதிரிலேயே "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்பார்கள். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "எங்களுக்குத்தான் பிள்ளை வேண்டியிருந்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன மாதம் ஈறில் இருந்த பிளவில் எலும்பு வைத்தார்கள். கோரைப்பல் இறங்குவதற்கு முன் செய்வது. எலும்பை இடுப்பிலிருந்து எடுப்பதால் வாயைவிட நடப்பதுதான் வலிக்கும். தளர்வான உடுப்பு எடுத்துப் போங்கள், மாடிப்படி இருந்தால் சில நாளுக்குக் கீழேயே படுக்கை போடுங்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை ஒருவர் வரலாம் என்றார்கள். வழக்கப்படி நான் எழுந்தேன். "இந்தத் தடவை அம்மா வரட்டும். ஃபைல் உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள்.