மடக்கு சைக்கிள் சக்கரத்தைப் புதிதாகக் கட்டுகிறீர்களா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

மடக்கு சைக்கிளுக்குச் சக்கரம் கட்டப்போகிறவர்களில் பலர் ஸ்போக் (சக்கரக் கம்பி) சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பொருள் வாங்கும்போதே, தவறைச் செய்து முடித்துவிடுகிறார்கள். பெட்டியில் ‘20 இன்ச்’ என்று போட்டிருக்கும், நம் டயரிலும் 20 தான், சரி என்று வாங்கிவிடுவோம். ஆனால் 20 இன்ச் என்ற ஒரே பெயரில், டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 406 மி.மீ., 451 மி.மீ. என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு ரிம்கள் இருக்கின்றன. 16 இன்ச்சிலும் 305, 349 என்று இதே கூத்துதான். பிராம்ப்டன் நிறுவனத்தின் 16 இன்ச் மடக்கு சைக்கிளில் இருப்பது 349. டயரின் பக்கவாட்டில் 40-406 என்பது போல அச்சிட்டிருக்கும், அதில் இரண்டாவதாக வரும் எண்ணை மட்டும் நம்புங்கள். ‘வேகத்துக்காக’ 406இலிருந்து 451க்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: ரிம்மின் விளிம்பு 22.5 மி.மீ. மேலே போய்விடும், பழைய ரிம் பிரேக்கின் கட்டைகள் அவ்வளவு தூரம் எட்டாது.

அப்புறம் ஹப், அதாவது கம்பிகள் கோர்க்கும் சக்கரத்தின் நடுப்பகுதி. சாதாரண சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஹப் உட்காரும் இடைவெளி பெரும்பாலும் 100 மி.மீ., ஆனால் பல மடக்கு சைக்கிள்களில் அது 74 மி.மீ. தான். ஃபோர்க்கை விரித்துப் பெரிய ஹப்பை நுழைத்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். அலுமினிய ஃபோர்க் என்றால் அது சேட்டை இல்லை, ஆபத்து.

கம்பி பின்னுவதில்தான் பெரிய சைக்கிளில் பழகிய கை ஏமாறும். அங்கே ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டிப் போவது வழக்கம். அதே பின்னலைச் சின்ன ரிம்மில் போட்டால், அதுவும் உள்ளே கியர் வைத்த பருத்த ஹப்பாக இருந்தால், கம்பி ரிம்முக்குள் சாய்வாக நுழைந்து நிப்பிளின் (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டு) வாயிலேயே வளைந்து நிற்கும், ஓட ஓட அந்த வளைவில்தான் ஒருநாள் உடையும். ஹப் பருமனாக ஆக, ஒன்றோ இரண்டோ குறுக்கு போதும். அதற்காகக் குறுக்கே இல்லாமல் நேராகவும் விட்டுவிடக் கூடாது, பின் சக்கரத்திலும், ஹப்பிலேயே பிரேக் இருக்கும் சக்கரத்திலும் முறுக்குவிசையைத் தாங்கக் குறுக்கு வேண்டும். பின்னலைத் தொடங்கும்போது வால்வு ஓட்டையையும் பாருங்கள். அதன் இரண்டு பக்கமும் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்காமல் விலகி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சின்னச் சக்கரத்தில் பம்ப்பின் தலை உள்ளே போகவே போகாது, கம்பியைக் கழற்றி முதலிலிருந்து பின்ன வேண்டியதுதான்.

கம்பியின் நீளத்தை இணையக் கணக்கியில் தட்டி எடுப்பது சரிதான், ஆனால் ரிம் அளவை யாரோ போட்ட பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். நீளம் தெரிந்த இரண்டு பழைய கம்பிகளை எதிரெதிர் ஓட்டைகளில் நிப்பிளோடு மாட்டி, இழுத்துப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, அதோடு இரண்டு கம்பிகளின் நீளத்தையும் கூட்டி, ரிம்மில் இரண்டு மூன்று இடங்களில் சரிபாருங்கள். குட்டைக் கம்பி கிடைக்கவில்லை என்று நீளமானதை வெட்டி வீட்டிலேயே மரை வெட்டுகிறவர்களும் உண்டு. ஆலையில் கம்பியின் மரையை வெட்டுவதில்லை, அழுத்தி உருட்டித்தான் எடுக்கிறார்கள், அதனால்தான் அது உறுதியாக நிற்கிறது. நடுவில் மெலிந்த கம்பியை வெட்டினால் மரை போடவேண்டிய தடித்த நுனியே போய்விடும்.

பெண்ட் எடுக்கும்போது, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்தும்போது, பொறுமை. கம்பி குட்டையாக இருப்பதால் நிப்பிளைக் கால் சுற்று திருப்பினாலே இழுவிசை பெரிய சக்கரத்தைவிட அதிகம் ஏறும். எட்டில் ஒரு பங்கு சுற்றாக நகருங்கள். கம்பியைச் சுண்டிச் சத்தம் கேட்டுப் பார்க்கிறவர்கள் பெரிய சைக்கிளின் சத்தத்தோடு ஒப்பிடாதீர்கள், குட்டைக் கம்பி அதே இழுவிசையிலும் உச்சமாகத்தான் ஒலிக்கும். அதே சக்கரத்தின் அதே பக்கத்துக் கம்பிகளோடு மட்டும் ஒப்பிடலாம். கட்டி முடித்ததும் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் இறுக்கிப் பிடித்து அழுத்திவிட்டு, மறுபடி ஒருமுறை பெண்ட் பாருங்கள். இதைத் தவிர்த்தால் முதல் சவாரியிலேயே கம்பிகள் டிக் டிக் என்று தாமாக இறங்கும்.

எடைக்காகக் காசை ரிம்மில் கொட்டுவதும் வீண் என்பேன். சின்ன ரிம் ஏற்கெனவே லேசானது, நல்ல டயர் தரும் வித்தியாசத்தை அந்தச் சில கிராம்கள் தராது. ஆனால் டயரை இஷ்டத்துக்கு அகலமாக்கினாலும் சிக்கல்தான்: மட்கார்டில் உரசும், அல்லது மடக்கும்போது சக்கரங்கள் பக்கத்துப் பக்கம் வந்து உட்காராது. நீண்ட அச்சும் பருத்த நட்டும் கூட மடிப்பைத் தடுக்கும். அதனால் புது ஹப்பையும் டயரையும் கம்பி கட்டும் முன்பே வெறுமனே வைத்துப் பார்த்து, சைக்கிளை ஒருமுறை மடக்கிப் பாருங்கள்.