லிமிட்டரில் எவ்வளவு ஏற்றலாம்?

பாட்டின் சத்தத்தைக் கூட்டி, உச்சங்கள் ஒரு வரம்பைத் தாண்டாமல் அமுக்கும் லிமிட்டரைத் திறந்ததும் கெயினை (சத்தத்தைக் கூட்டும் அளவை) ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முதலில் பாட்டில் சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்தை, பெரும்பாலும் கடைசியாக வரும் பல்லவியை, லூப்பில் போடுங்கள். மாஸ்டர் டிராக்கில் கடைசியாக லிமிட்டர், அதற்கும் பின்னால் மீட்டர். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். சீலிங் (சத்தம் தாண்டக்கூடாத வரம்பு) -1 டிபி. ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சத்தைக் கணிப்பது) பொத்தான் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் எம்பி3, ஏஏசி என்று சுருக்கும்போது பீக் கொஞ்சம் எகிறும்.

இனி கெயினை அரை அரை டிபியாக ஏற்றுங்கள். இங்கேதான் காது ஏமாறும்: சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அதனால் 4 டிபி ஏற்றினால் லிமிட்டருக்குப் பின்னால் 4 டிபி குறைத்துவிட்டு, இந்த இரண்டையும் சேர்த்தே பைபாஸ் செய்து (இல்லாததுபோல் தாண்டவிட்டு) மாற்றி மாற்றிக் கேளுங்கள். பறை வைத்த ஒரு பாட்டில் நான் இதைச் செய்யாமல், கெயின் ரிடக்‌ஷன் (லிமிட்டர் உச்சங்களை அமுக்கும் அளவு) 6 டிபியைத் தொடும்வரை ஏற்றிவிட்டு, ஆஹா என்று படுக்கப் போனேன். காலையில் கேட்டால் சுள்ளென்று விழவேண்டிய குச்சி அடி, தலையணையைத் தட்டியதுபோல் 'தொப்' என்கிறது. அப்படி ஆனால் லிமிட்டரோடு மல்லுக்கட்டாமல் மிக்ஸுக்குத் திரும்புங்கள். பறை டிராக்கிலேயே பீக்கை ஒரு கிளிப்பரால் லேசாகச் சீவி, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வேண்டாத உறுமலை வெட்டினால் லிமிட்டரின் பாதிப் பாரம் குறையும். எனக்கு 2, 3 டிபி ரிடக்‌ஷனைத் தாண்டினால் சந்தேகம் வந்துவிடும்.

ரிலீஸ், அதாவது லிமிட்டர் அமுக்கியதை விடும் வேகம், ரொம்ப வேகமாக இருந்தால் பேஸ் கரகரக்கும், ரொம்ப மெதுவாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பாடகர் குரல் அமுங்கி எழும். ஆட்டோ இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

சரி, எண்? ஸ்பாட்டிஃபை சாதாரணமாக -14 லஃப்ஸுக்கு (LUFS, காது உணரும் சத்தத்தின் அளவு) கொண்டுவந்துதான் ஒலிக்க வைக்கிறது, அதாவது நீங்கள் நசுக்கி நசுக்கி -8 ஆக்கிய பாட்டை அது 6 டிபி குறைத்துவிடும், நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும். அதற்காக -14ஐயே பிடித்துத் தொங்கவும் வேண்டாம். தாளம் உயிரோடு இருந்தால் -10, -11 வந்தாலும் விட்டுவிடுவேன். இந்த எண்ணை லூப்பில் பார்க்காமல், முழுப் பாட்டையும் ஓட்டி இன்டகிரேட்டட் (முழுப் பாட்டுக்குமான சராசரி) அளவில் பாருங்கள்.

எக்ஸ்போர்ட் செய்ததை ஒரு எம்பி3 ஆக்கி ட்ரூ பீக்கை மறுபடி அளந்து பாருங்கள். 0ஐத் தாண்டியிருந்தால் சீலிங்கை -1.5க்கு இறக்கி இன்னொரு எக்ஸ்போர்ட்.