ஏஐ-கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி 10 நிமிஷம்

கன்சல்டிங்ல, அதாவது கம்பெனிங்களுக்கு ஆலோசனை சொல்ற வேலைல இருக்கவங்க கிளையன்ட் பிரச்சனை கைக்கு வந்த உடனே சாட்ஜிபிடிய திறக்காதீங்க, முதல்ல 10 நிமிஷம் உங்க பதில நீங்களே நோட்டுல எழுதுங்க, என்ன காரணமா இருக்கும், எந்த நம்பர் கிடைச்சா அது உறுதியாகும்னு நாலு வரி போதும். அப்புறம் அதே கேள்விய ஏஐ-கிட்ட போட்டு, நீங்க விட்டது எதுவோ அத மட்டும் சிவப்பு பேனால பக்கத்துல எழுதுங்க.

ஒரு கடை செயின்ல லாபம் குறையுதுன்னா நீங்க வாடகை, தள்ளுபடின்னு எழுதியிருப்பீங்க, ஏஐ ஸ்டாக் விக்காம தேங்கி நிக்கறதையும் சொல்லும், அந்த ஒரு வரிதான் இந்த வாரம் நீங்க படிக்க வேண்டியது, அதுக்கு காசு கட்டி கோர்ஸ் சேர வேணாம். பங்குச்சந்தைல லிஸ்டான கம்பெனிங்க ரிசல்ட் பத்தி முதலீட்டாளர்கள்கிட்ட பேசினதோட எழுத்து வடிவம் (ரிசல்ட் கால் டிரான்ஸ்கிரிப்ட்) பிஎஸ்இ, என்எஸ்இ பங்குச்சந்தை சைட்ல ஃப்ரீயாவே இருக்கு, பெங்களூருல ஒயிட்ஃபீல்ட்ல இருந்து எம்ஜி ரோடு வரைக்கும் மெட்ரோ பர்ப்பிள் லைன்ல உக்காந்து போனா ஒண்ணோட முக்கியமான பகுதிய முடிச்சிடலாம்.

நாமளே யோசிச்சு எழுதினது சும்மா படிச்சத விட மனசுல நல்லா நிக்கும், 1978-லயே மனோதத்துவ ஆராய்ச்சில இத சோதிச்சு காட்டியிருக்காங்க. ரெடிமேட் பதில முதல்ல பாத்துட்டா நம்ம யோசனை அதையே சுத்தி சுத்தி வரும், புதுசா சேர்ந்த பசங்களுக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

அடிப்படையே தெரியாத துறைன்னா இது ஒத்து வராது, முதல்ல ஏஐ-கிட்டயே பாடமா கேட்டு கத்துக்கோங்க. கிளையன்ட் பேரு, ரகசிய நம்பர் இதெல்லாம் ஆபீஸ் அனுமதிக்காத டூல்ல எப்பவுமே போடாதீங்க.