மூச்சை விடுவதை மட்டும் நீட்டுங்கள்

மனசு படபடக்கும்போது மூச்சை ஆழமாக இழுக்கப் போராட வேண்டாம், விடுவதை நீட்டினால் போதும்: மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 அல்லது 8 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், இப்படி ஐந்து நிமிடம். பாயும் வேண்டாம், பயிற்சிக் கட்டணமும் வேண்டாம்; நெல்லைக் கொட்டிவிட்டு கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியும் செய்யலாம். எண்ணிக்கை தவறினால் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகியபடி விடுங்கள், வண்டு போல ரீங்கரிக்கும் பிராமரி பிராணாயாமத்தில் செய்வது போல, மூச்சு தானாக நீளும்.

இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று கூடும், விடும்போது குறையும். அந்தக் குறைப்பைச் செய்வது மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு, விடும் நேரம் நீண்டால் அதற்கு அவகாசம் கூடுகிறது. வேகவேகமாக ஆழ இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைதான் சுற்றும்.

ஆனால் நெல் தூற்றுகிற தூசிக்குப் பக்கத்தில் நின்று செய்யாதீர்கள், கொஞ்சம் தள்ளிப் போய்விடுங்கள். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் நடுவில் மூச்சை அடக்கவே வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். நெஞ்சுவலி, ஆஸ்துமா இழுப்பு என்றால் இது உதவாது, உடனே ஆஸ்பத்திரிதான். அப்புறம், கடன் கவலையிலோ பயிர் போன துக்கத்திலோ வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, கூப்பிட்டுப் பேசுங்கள், காசு கிடையாது.