கிளினிக்குக்கு ஈஹெச்ஆர் சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி

ஈஹெச்ஆர்னா பேஷன்ட்டோட மருத்துவ ரெக்கார்டைக் கம்ப்யூட்டர்ல வைக்கிற சாஃப்ட்வேர். கம்பெனிக்காரங்க காட்டுற டெமோல எல்லாமே சூப்பராத்தான் தெரியும், ஏன்னா ஓட்டிக் காட்டுறவரு தினமும் அதையே பண்றவரு. அதனால மவுஸை நீங்க வாங்கிக்கங்க. பென்சிலின் அலர்ஜி உள்ள ஒரு பேஷன்ட்டைப் பதிவு பண்ணி, அவருக்கே பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் எழுதிப் பாருங்க, உடனே எச்சரிக்கை வரணும், வரலைன்னா அந்த சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். பழைய மருந்துச்சீட்டைத் திரும்பப் போட எத்தனை கிளிக்னு எண்ணுங்க, 40 பேரைப் பாக்குற நாள்ல ஆளுக்கு 1 நிமிஷம் கூடினாலே 40 நிமிஷம் போச்சு, அது பேஷன்ட் முகத்தைப் பாத்துப் பேச வேண்டிய நேரம்ங்க.

ரிசப்ஷன்ல இருக்கிறவங்க, நர்ஸு, எல்லாரும் ஓட்டிப் பாக்கட்டும். லேப் ரிசல்ட் நேரா உள்ள வரணும்னா ஹெச்எல்7, ஃபயர் (FHIR) சப்போர்ட் இருக்கான்னு கேளுங்க, ரெண்டும் மருத்துவ சாஃப்ட்வேருங்க தங்களுக்குள்ள டேட்டா பரிமாறிக்கிறதுக்கான பொது விதிமுறைங்க. ஆளுக்கொரு லாகின், யார் எந்த ரெக்கார்டைத் திறந்தாங்கன்னு தானா பதிவாகுற லாக் (log), ரெண்டும் கட்டாயம்.

ரொம்ப முக்கியம், நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறினா டேட்டா முழுசா கைக்கு வருமா? வெறும் பிடிஎஃப்பா குடுத்தா புது சாஃப்ட்வேர்ல தனித்தனி விவரமா ஏத்துறது கஷ்டம், நிறைய மறுபடி டைப் அடிக்க வேண்டி வரலாம், அதனால எந்த ஃபார்மட்ல, எத்தனை நாள்ல, எவ்வளவு காசுக்குன்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிடுங்க. பேக்கப் இருக்குன்னு வாயால சொன்னா போதாது, ஒரு தடவை அதுலேருந்து டேட்டாவைத் திரும்ப எடுத்து ரீஸ்டோர் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.