கடலில் விழுந்த ஹெலிகாப்டரை முதலில் அடையும் படகு செய்ய வேண்டியவை

பொழியூரில் இருந்தும் நீரோடி, வள்ளவிளை, தூத்தூரில் இருந்தும் தங்கல் தொழிலுக்குப் போகும் விசைப்படகுகள் ஆழ்கடலில் பல நாள் நிற்பதால், ஹெலிகாப்டர் ஒன்று அங்கே விழுந்தால் மீட்புக் கப்பலுக்கு முன்பே நம்மவர் சென்றடைய வாய்ப்புண்டு. 2022 ஜூன் 28 அன்று மும்பைக் கடலில் ஒன்பது பேருடன் ஒரு ஹெலிகாப்டர் விழுந்தபோது, அருகிலிருந்த எண்ணெய்க் கிணற்று மேடையின் படகும் மீட்புக்கு விரைந்தது. அப்படியும் நால்வர் இறந்தனர்.

எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் மேலே இருப்பதால் ஹெலிகாப்டர் நீரில் எளிதில் தலைகீழாகக் கவிழும். ஆகவே உள்ளே இருப்பவர் ஒரு கையால் சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கவிழ்வது நின்ற பிறகே இருக்கைப் பட்டையைக் கழற்றி, பிடித்த கையின் திசையில் வெளியேற வேண்டும். உயிர்காப்பு உடையை உள்ளேயே ஊதினால் அது அவரை, கவிழ்ந்ததால் மேலே வந்துவிட்ட தரையோடு அழுத்தி வாசலை அடையவிடாது.

படகில் இருப்போர் முதலில் வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் 16-ஆம் சேனலில் ஜி.பி.எஸ். இடத்தையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். கைபேசி எட்டும் தூரமானால் 1554-இல் கடலோரக் காவல்படையை அழைக்கலாம். நீரில் எரிபொருள் மிதக்கும் என்பதால் அடுப்பை அணைத்து, காற்று வரும் பக்கமிருந்து நெருங்குங்கள். ஹெலிகாப்டரின் விசிறி முற்றிலும் நிற்கும்வரை அருகில் போகக் கூடாது, மிதக்கும் ஹெலிகாப்டரைப் படகோடு கட்டவும் கூடாது.

மனிதரை நெருங்கியதும் புரொப்பெல்லரைச் சுழலவிடாதீர்கள். கையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்குவது எளிதாகத் தோன்றும். ஆனால் நெடுநேரம் நீரில் கிடந்தவருக்கு அது இரத்த அழுத்தத்தைத் திடீரெனக் குறைத்துவிடக்கூடும். நம்மிடம் உள்ள வலையே இங்கே நல்ல கருவி: ஒரு விளிம்பைப் படகின் ஓரத்தில் கட்டி, மற்றதை அவருக்கு அடியில் செலுத்தி இருவர் மெல்ல இழுத்தால், அவர் படுத்த நிலையிலேயே உருண்டு மேலே வந்துவிடுவார்.

மூச்சில்லையென்றால் முதலில் வாய்வழி மூச்சு கொடுத்து, பிறகு 30 மார்பழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தொடருங்கள். மீட்பு ஹெலிகாப்டர் வந்தால் தார்ப்பாயையும் வலையையும் இறுக்கிக் கட்டுங்கள். நிலைமின்சாரம் இருக்கும் என்பதால், இறங்கும் கம்பி நீரையோ தளத்தையோ தொட்ட பின்பே கை வைக்க வேண்டும், அதைப் படகில் ஒருபோதும் கட்டக்கூடாது. நீர் குடித்தவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும், ஏனெனில் மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்தும் முற்றலாம்.